கண்டக்டர் சொன்ன கடைகள்

பஸ் கண்டக்டர் வேலையில் டிக்கெட் கொடுப்பது கால் பங்கு. மிச்சம் முக்கால் பங்கும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் கடை சொல்வதுதான். "நல்ல வேட்டி எங்கீங்க கிடைக்கும்?", "வாய்க்கு ருசியா என்னங்க வாங்கலாம்?" என்று யாராவது கேட்கும்போது, தெரியாது என்று ஒரே வார்த்தையில் தப்பித்துக்கொள்ளாமல் வாயைத் திறந்து மாட்டிக்கொண்ட அன்பர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வாருங்கள், இப்படி என் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்கு ஆறுதல் சொல்ல என்னைவிடத் தகுதியானவன் சேலம் ஜில்லாவில் கிடையாது.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் எங்கள் பஸ்ஸின் முதுகில் ஒரு பெரிய கரி அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். அந்த அடுப்புப் புகையில்தான் பஸ் ஓடியது. திருச்செங்கோட்டில் காலையில் கிளம்பி மல்லசமுத்திரம், அட்டையாம்பட்டி வழியாகச் சேலம் போய், சாயங்காலம் அதே வழியில் திரும்புவோம். டிரைவர் சின்னச்சாமி அண்ணன் ஓட்டுவார். நான் அடுப்புக்குக் கரி போடுவேன், அது அணையாமல் காற்றூதும் காற்றாடியைச் சுற்றுவேன், டிக்கெட் கொடுப்பேன். வழியோர ஊர்க்காரர்கள் பாதிப் பேர் சேலத்துக்கு வரவே மாட்டார்கள். "கண்டக்டரு, இன்ன சாமான் வாங்கிட்டு வந்துருங்க" என்று என்னிடம் சொல்லி அனுப்பிவிடுவார்கள். எந்தக் கடையில் வாங்குவது என்பது என் இஷ்டம். அந்த இஷ்டம்தான் என்னைக் கெடுத்தது.

வீட்டில் அப்பா இல்லை. அம்மா, நான், தங்கை பாவாயி. அவளுக்கு மல்லசமுத்திரத்து நாச்சிமுத்துக் கவுண்டர் மகனைக் கேட்டிருந்தோம். நல்ல இடம், நல்ல பையன். பாவாயிக்கும் பிடித்திருந்தது என்று அம்மா சொன்னாள். ஆனால் கவுண்டர் பிடி கொடுக்கவில்லை. அவர் வாரம் ஒரு தடவை எங்கள் பஸ்ஸில், டிரைவருக்குப் பின் ஸீட்டில் உட்கார்ந்து சேலம் போகிறவர். ஆக, நான் பஸ்ஸில் செய்த ஒவ்வொரு கோமாளித்தனமும் என் தங்கையின் மாமனாராக வரப்போகிறவர் கண்ணெதிரே நடந்தது.

சாயம் போகாத கரை

முதலில் என் வெற்றியைச் சொல்லிவிடுகிறேன். மொத்தமே ஒன்றுதான், சீக்கிரம் முடிந்துவிடும். ஒரு நாள் கவுண்டர் தன் வேட்டியைப் பிடித்துக் காட்டி, "ஒரே அலசுல கரை ஓடிப்போயி, வேட்டியெல்லாம் செகப்பாயிருச்சு பாருப்பா. நல்ல கடை ஏதாச்சும் தெரியுமா?" என்றார். தெரியுமாவா! சேலத்தில் குகை என்கிற பேட்டையில் மூன்றாவது சந்தில், பெயர்ப்பலகையே இல்லாத ஒரு கடையைச் சொன்னேன். வீட்டுக்குள் தறி, வாசலில் வியாபாரம். தானே நெய்து தானே விற்கிற மனிதர். "நான் அனுப்பிச்சேன்னு சொல்லுங்க, தனியா கவனிப்பாரு" என்று வேறு அளந்துவிட்டேன். அந்தக் கடைக்காரருக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஒரே ஒரு தடவை துண்டு வாங்கியிருக்கிறேன், அவ்வளவுதான்.

கவுண்டர் போய் என் பெயரைச் சொல்லியிருக்கிறார். கடைக்காரர் "யாருங்க அது?" என்று கேட்டிருக்கிறார். ஆனாலும் வேட்டி தங்கமான வேட்டி. எத்தனை வெளுப்புக்குப் போட்டும் கரை அப்படியே நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, பஸ் நிறைய ஜனம் இருக்கும்போது கவுண்டர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "கடை சொல்றதுக்குன்னே பொறந்திருக்கறானப்பா இந்தப் பையன். வார வெள்ளிக்கெழம உங்க ஊட்டுக்குப் பொண்ணுப் பாக்க வாரோம்."

அடுப்பு மேல் வைத்த கூடை

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவுண்டரும் அவர் வீட்டம்மாவும் மல்லசமுத்திரத்தில் எங்கள் பஸ்ஸில்தான் ஏறுவதாக ஏற்பாடு. அந்த அத்தையை நான் அதுவரை பார்த்ததில்லை. வீட்டுக்குப் போகும்முன் பஸ்ஸிலேயே அவர் மனசைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை. அட்டையாம்பட்டியில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஓர் ஓலை வீடு. அங்கே ஓர் அம்மாள் கையால் முறுக்குச் சுற்றுவார். வாயில் போட்டால் நொறுங்குகிற சத்தம் பக்கத்து ஸீட்டுக்குக் கேட்கும். இன்றுவரை நான் மனசாரச் சொல்லுகிற பலகாரம் அது ஒன்றுதான். ஒரு கூடை வாங்கினேன்.

ஆனி மாசத்துத் தூறல். பஸ்ஸின் ஓரங்களில் சாரல் அடித்தது. முறுக்கு நமுத்துப் போய்விட்டால் என் மானம் என்ன ஆவது? இந்த மூளை சும்மா இருக்குமா! கூடையைக் கொண்டுபோய்க் கரி அடுப்பின் மூடிமேல் வைத்து, மேலே ஒரு சாக்கையும் மூடினேன். சூடாக இருக்கும், மொறுமொறுப்பாக இருக்கும் என்று கணக்கு. சூடாகத்தான் இருந்தது. மல்லசமுத்திரத்தில் அத்தை ஏறி உட்கார்ந்ததும், கூடையைப் பார்க்காமலே பெருமையாக நீட்டினேன். அவரும் பேச்சு வாக்கில் ஒன்றை எடுத்துக் கடித்தார். கவுண்டரும் கடித்தார். இரண்டு பேர் பல்லும் கறுத்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் நான் கூடைக்குள் பார்த்தேன். ஐயோ, அத்தனையும் புகை குடித்துப் போயிருந்தது! அத்தை முகம் சுளிக்கவில்லை. முழு முறுக்கையும் தின்று முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முறுக்கு நல்லாத்தான் இருக்குது தம்பி. கரிய மட்டும் சித்தக் கொறச்சுப் போடச் சொல்லோணும்."

கண்ணாலேயே அளவெடுப்பவர்

பெண்ணைப் பார்த்துவிட்டு, "ஆடி போகட்டும், சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் அந்த ஆடி நகரவே மாட்டேன் என்றது. அந்த மாதம் முழுக்க நான் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். டிரைவர் சின்னச்சாமி அண்ணன் புதுக் காக்கிச் சட்டைக்குத் துணி வைத்துக்கொண்டு, "தையக்காரன் ஒருத்தனும் சரியில்லடா" என்று அலுத்துக்கொண்டார். சொல்லாமல் இருக்க முடியுமா என்னால்?

சேலத்தில் பஸ் நிற்கிற இடத்தருகில் ஒரு வயதான தையல்காரர் இருந்தார். அளவு நாடாவையே தொட மாட்டார். ஆளை ஒரு பார்வை பார்ப்பார், தைத்துவிடுவார், கச்சிதமாக இருக்கும். "அவரு கண்ணே நாடாங்கண்ணா" என்று புகழ்ந்து, அவரை பஸ்ஸுக்கே கூட்டிவந்தேன். திரும்பிக் கிளம்புகிற நேரம், அண்ணன் அப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். இறங்கினால் இன்ஜின் அணைந்துவிடும் என்று பயம். கரி பஸ்ஸை அணையவிட்டால் மறுபடி கிளப்ப அரைமணி நேரம் ஆகும். தையல்காரர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுத் துணியோடு போய்விட்டார்.

சட்டை வந்தது. அண்ணன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஓட்டினார். அடேயப்பா, கலெக்டருக்குத் தைத்த மாதிரி இருந்தது. கவுண்டர்கூடப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "பரவால்லியே" என்றார். சேலம் வந்தது, அண்ணன் எழுந்தார். சட்டை அவரோடு எழவில்லை. தொப்புளுக்கு மேலேயே நின்றுகொண்டது, பித்தான் ஒன்று தெறித்துக் கவுண்டர் மடியில் விழுந்தது. உட்கார்ந்த ஆளுக்கு உட்கார்ந்த அளவில் தைத்திருக்கிறார் மனிதர்! அவரைக் குற்றம் சொல்ல முடியாது, அவர் பார்த்தது அவ்வளவுதான். அண்ணன் திட்டவில்லை. துண்டை எடுத்து வயிற்றை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "சட்டை நல்லாத்தாண்டா இருக்குது. ரிட்டயர் ஆவற வரைக்கும் நான் எந்திரிக்காம இருந்தாச் சரி."

பித்தளை டம்ளர்

இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சிரிப்பதற்கு இதில் என்னைத் தவிர வேறொன்றும் இல்லை.

கிணற்றில் தண்ணீர் இறைக்கிற தோல் சால் தைப்பவர் ஒருவர், மாரப்பன் என்று பெயர், தோல் எடுக்க மாதம் ஒரு முறை சேலம் வருவார். பஸ்ஸில் கடைசியில், அடுப்புச் சூட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே வருவார். நான் கரி போடப் பின்னால் போகும்போதெல்லாம் அவர்தான் பேச்சுத் துணை. ஒரு நாள் அவரிடம் ஒரு காப்பி கிளப்பைப் பற்றி அளந்தேன். நுரை ததும்பும் காப்பி, பளபளவென்ற பித்தளை டம்ளர், கூடவே மெதுவடை. "சேலம் வந்துட்டு அதைக் குடிக்காமப் போனா வந்ததே தண்டம்" என்றேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் திரும்பும்போது, "எப்படி, நான் சொன்ன காப்பி?" என்று நானே போய்க் கேட்டேன். கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கிளப்பில் அவரை வாசற்படி தாண்ட விட்டிருக்க மாட்டார்கள். அது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நான் எத்தனை நாள் உள்ளே உட்கார்ந்து குடித்திருக்கிறேன், வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். கடையைப் புகழுகிற உற்சாகத்தில் எதிரே நிற்கிற ஆளை மறந்துபோனேன். வெட்கத்தில் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. மாரப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. "வாசம் நல்லாத்தான் இருந்துச்சுங்க சாமி. உள்ள உடமாட்டாங்கன்னு நீங்க முன்னாலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வீதியிலயே நின்னு மோந்துட்டு வந்திருப்பனுங்க."

மூன்று சேலை

ஆவணியில் கவுண்டர் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது. அம்மா அழுதாள். பாவாயி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிறேன் என்று தொழுவத்துக்குள் ஓடிப்போய், வெகுநேரம் வெளியே வரவில்லை. எங்கள் பக்கத்தில் கூறைச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. யுத்தத்தில் நல்ல சேலை கண்ணில் படுவதே அபூர்வம். கவுண்டர் என்னைக் கூப்பிட்டு, "அந்த வேட்டிக் கடையிலயே நீ ஒரு சேலை எடுத்துட்டு வந்துரு தம்பி. வேற எந்தக் கடைக்கும் போயிராத சாமி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார்.

குகைக் கடைக்காரருக்கு இதற்குள் என்னை நன்றாகத் தெரிந்துவிட்டது. மூன்று பட்டுச் சேலைகளை எடுத்துப் போட்டார். அரக்கு நிறத்தில் அகல ஜரிகை போட்டது ஒன்று. பார்த்தவுடனே என் மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. பச்சை ஒன்று. கத்தரிப்பூ நிறத்தில் மெல்லிய கரையோடு ஒன்று. அது சும்மா கணக்குக்கு. "மூணையும் எடுத்துட்டுப் போங்க. பிடிச்சதை வெச்சுக்கிட்டு ரெண்டை நாளைக்குக் கொண்டு வந்துருங்க" என்றார். என் சிபாரிசுக்கு இப்படி ஒரு மரியாதை! மூட்டையை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். மல்லசமுத்திரத்தில் அத்தை வந்து நின்றிருந்தார். கரி பஸ் ரொம்ப நேரம் நிற்காது. மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, கிடைத்த ஒரு நிமிஷத்தில் அந்தக் கடையின் பெருமை, தறியின் பெருமை, அரக்குச் சேலையின் ஜரிகைப் பெருமை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சேலையைத் திருப்பித் தரவேண்டும் என்ற ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் பஸ் மல்லசமுத்திரத்தில் நின்றதும் கவுண்டர் வீட்டுக்குப் போனால், அத்தை சிரித்த முகத்தோடு தாம்பாளத்தை எடுத்துவந்தார். மூன்று சேலைகளுக்கும் நான்கு மூலையிலும் மஞ்சள்! புதுத்துணி வீட்டுக்குள் வந்தால் மஞ்சள் வைத்துச் சாமி முன்னால் வைக்காத வீடு எங்கள் பக்கத்தில் உண்டா? எங்கள் அம்மாவும் அதைத்தான் செய்வாள். எனக்குத் தெரியாத வழக்கமா அது? இரண்டைச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர் மூலையைப் பிரித்துப் பார்த்தார், மடித்து என் கையிலேயே கொடுத்தார். மஞ்சள் வைத்த சேலையை இனி யாரும் வாங்க மாட்டார்கள், அது ஒரு வீட்டுச் சேலை ஆகிவிட்டது என்றார். அவர் சொன்னது நியாயம். திரும்பி வந்து கவுண்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு சேலைக்குப் பணம் வைத்திருந்த மனிதர் மூன்று சேலைக்கு எங்கே போவார்? முகம் சிவந்துபோய், என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துச் சொன்னார்: "ஒண்ணு கேட்டா மூணு கொண்டாந்து தள்ளி, மஞ்ச வெக்கற வரைக்கும் வாயத் தொறக்காம இருந்திருக்கறான். இந்தச் சம்பந்தத்த இன்னொருக்கா ரோசன பண்ணோணும்."

கட்டப்போகிறவள்

அந்த வாரம் கவுண்டர் பஸ் ஏறவில்லை. டிரைவருக்குப் பின் ஸீட்டில் வேறு யார் யாரோ உட்கார்ந்தார்கள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. யாராவது கடை கேட்டால் தெரியாது என்றேன். ஜனங்கள் என் உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். வீட்டில் அம்மா, "அந்த வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டயாடா?" என்று கேட்டாள். பாவாயி எப்போதும்போல் எனக்குச் சோறு போட்டாள். அவள் கண் வீங்கியிருந்ததை நான் பார்த்தேன். என் தங்கையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்துத் தட்டை அப்படியே தள்ளிவைத்தேன்.

எட்டாம் நாள் சாயங்காலம், மல்லசமுத்திரத்தில் அத்தை தன்னந்தனியாக, கையில் அந்த மூட்டையோடு பஸ் ஏறினார். என்னிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டதோடு சரி. எங்கள் ஊரில் இறங்கினார். சின்னச்சாமி அண்ணனிடம் கெஞ்சிவிட்டு நானும் பின்னாலேயே ஓடினேன். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எனக்கு நிச்சயம். அம்மா கதவருகிலேயே நின்றுவிட்டாள். அத்தை உள்ளே வந்து உட்கார்ந்து, மூட்டையை அவிழ்த்து, மூன்று சேலைகளையும் பாயில் வரிசையாக விரித்தார். "எங்கூட்டுக்காரரு கோவத்துல ஏதோ சொல்லிப்போட்டாங்க. மஞ்ச வெச்சவ நானு. இந்தப் பொண்ணுக்குன்னு நெனச்சு, சாமிகிட்ட வெச்சுக் கும்பிட்டு வெச்ச மஞ்ச அது. அதையத் திருப்பற பழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க. அவியளுக்கும் அது இப்பப் புரிஞ்சிருச்சு" என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அத்தை பாவாயியைக் கூப்பிட்டு, "கட்டப்போறவ நீ, கண்ணு. எது வேணும்னு சொல்லு" என்றார். நான் உடனே, "அரக்கு எடு பாவாயி, அந்த ஜரிகையப் பாரு" என்று ஆரம்பித்தேன். "நீ சித்தச் சும்மா இரு தம்பி" என்றார் அத்தை. பாவாயி யோசிக்கவே இல்லை. நான் கணக்குக்கு எடுத்துவந்த அந்தக் கத்தரிப்பூச் சேலையை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. பச்சையை அத்தை தனக்கு என்று எடுத்துக்கொண்டார். அரக்கும் அதன் விலையும் என் தலையில் விழுந்தன.

அத்தை போன பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "ஏம் பாவாயி, உனக்கு அரக்குன்னா உசுராச்சே? தீவாளிக்குத் தீவாளி அதைத்தான வாங்கிட்டு வாரேன்?" என்றேன். அவள் சேலையைப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், சிரித்தாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்: "அது உனக்குப் புடிச்சதுண்ணா. நானும் ஏழு தீவாளியா அதையே கட்டிக்கிட்டு நிக்கறேன், என்னிக்காச்சும் ஒரு வார்த்த என்னயக் கேட்டிருக்கறயா?"

அதிலிருந்து யார் கடை கேட்டாலும் "யாருக்குங்க வாங்கறீங்க, அவியளுக்கு என்ன புடிக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறேன், கேட்ட மாத்திரத்தில், இந்தக் கண்டக்டருக்கு ஒரு கடையும் தெரியாது என்று சொல்லி அடுத்த பஸ் கண்டக்டரிடம் போய்விடுகிறார்கள்.